ஒண்ணாம் வீட்டுக் கோளாறு

...அதைத்தான் தம்பி சொல்றேன், என்ஜின்ல பொறி குடுக்கற ஒரு காயில் விலைக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிடலாம். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லல. என் வீட்டுக்காரி தையல் கடை வச்சிருக்கா, போன மாசம்தான் புது மெஷின் ஒண்ணு வந்து இறங்குச்சு. மோட்டார், மிதி, மேசை, குட்டி விளக்கு, எண்ணெய் டப்பா எல்லாம் சேத்து அந்த விலை. இது என்னடான்னா ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பா ஒரு குச்சி. உள்ள கொஞ்சம் செம்புக் கம்பிய சுத்தி வச்சிருக்கான். அதுக்கும் அதே விலையாம். இந்த வண்டில அந்த மாதிரி ஆறு இருக்கு. ஆறு தையல் மெஷின் இருந்தா என் வீட்டுக்காரி ஊருக்கே சட்டை தச்சிடுவா. இங்க ஆறு காயில் மாத்தினா வண்டி ஆடாம ஓடும், அவ்வளவுதான். வாங்கினப்பவும் ஆடாமத்தானே ஓடிச்சு.

இருங்க, எந்திரிக்காதீங்க. டீ ஆறிடும். உங்க பைய அந்தப் பக்கம் வைங்க, அந்த நாற்காலில கிரீஸ் இருக்கு. வண்டி எங்கயும் ஓடிடாது. நடந்ததை ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டுதான் உங்களை வண்டிகிட்ட விடணும்னு என் மாப்ளை உத்தரவு, அவரு பட்டறைதானே. என்கிட்ட சொல்லல. என் பொண்ணுகிட்ட சொன்னாரு. 'வயரிங் பாக்கறவர் வருவாரு, நான் பார்ட்ஸ் கடைக்குப் போயிட்டு வர்றேன், அதுக்குள்ள வண்டி கதைய அப்பாவ சொல்லச் சொல்லு'ன்னு. அப்ப நான் எங்க இருக்கேன்? இதே நாற்காலில. ரெண்டடி தூரம்.

ஆமா, நானும் மாப்ளையும் பேசிக்கிறதில்ல. பதினோரு வருஷம் ஆச்சு. சண்டைன்னு சொல்ல முடியாது. வருவேன், போவேன், பேரனைத் தூக்குவேன், அவரு வீட்டுல சாப்பிடுவேன். பேச மாட்டேன், அவ்வளவுதான். வண்டில சத்தம் வந்தா இந்தச் சுவத்தைப் பாத்து, 'வண்டில ஏதோ சத்தம் வருது'ம்பேன். அவரு ஜன்னலைப் பாத்து, 'நாளைக்குக் கொண்டாந்தா பாக்கலாம்'பாரு. நடுவுல என் பொண்ணு நின்னா அவ வாங்கி அவ குடுப்பா. போஸ்ட் ஆபீஸ் மாதிரி.

காரணம் இருக்கு தம்பி. காரணம் இல்லாம ஒரு மனுஷன் பதினோரு வருஷம் வாய மூடிட்டு இருப்பானா? அதுவும் நான். முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரில லிஃப்ட் ஓட்டினவன். ஏழு மாடி ஏறி முடியறதுக்குள்ள வந்தவன் கதைய வாங்கிட்டு என் கதையையும் குடுத்து அனுப்பிடுவேன். இவரு பொண்ணு கேட்டு எங்க வீட்டுக்கு வந்தாரு. வாசல்ல என் பழைய காரு நிக்குது. பத்தொன்பது வருஷமா குடும்பத்தைச் சுமந்த காரு. உள்ள வந்தாரா, உக்காந்தாரா, தண்ணி குடிச்சாரா, 'நல்லா இருக்கீங்களா'ன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? மொத வார்த்தை என்ன தெரியுமா? 'அந்த வண்டிய இரும்புக் கடைக்குப் போட்டுடலாம், மாமா.' இன்னும் பொண்ணே குடுக்கல, அதுக்குள்ள மாமா. அதுக்குள்ள இரும்புக் கடை. சொந்தக்காரங்க எல்லாரும் சிரிச்சாங்க. எங்க அக்கா இன்னும் சிரிக்கிறா.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அடுத்த வாரமே அது நடுரோட்டுல நின்னு போச்சு. அவரு சொன்ன மாதிரியே. அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.

அதனாலதான் ரிட்டயர் ஆன காசு கைக்கு வந்ததும் இந்த வண்டிய எடுத்தேன். எந்த வண்டியப் பாத்து எவனும் வாயத் திறக்கக் கூடாதோ அந்த மாதிரி வண்டி. வெளிநாடு போறவன் ஒருத்தன் வந்த விலைக்குத் தள்ளிட்டுப் போனான். எட்டுப் பேரு உக்காரலாம். எங்க வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாருக்கு நாலு சிலிண்டரு, எனக்கு ஆறு. ஒரு மாசம் தெருவுல அதையே சொல்லிட்டு இருந்தேன். ஆறு, ஆறுன்னு. அப்ப எவனும் வந்து, 'ஐயா, ஆறு சிலிண்டருக்கு ஆறு காயிலு'ன்னு சொல்லல. ஆனைய வாங்கினவன் அங்குசத்துக்கு அழக் கூடாதும்பாங்க. அங்குசம் ஒண்ணுன்னா அழ மாட்டேன், ஆறு அங்குசம்னா?

சரி, சரி, வண்டிக்கு வர்றேன். மணி என்ன? பதினொண்ணு பத்தா. அந்தக் கடிகாரம் சரியா ஓடுதான்னு தெரியல.

ரெண்டு வாரம் முன்னாடி சிக்னல்ல நிக்கறேன், வண்டி குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்குது. மஞ்ச விளக்கு வேற எரியுது. இங்க கொண்டாந்தேன். மாப்ளை கோளாறு காட்டற அந்தக் கைல பிடிக்கற மெஷினை மாட்டிப் பாத்துட்டு, 'ஒண்ணாம் வீடு வேலை செய்யல'ன்னாரு. ஜன்னலைப் பாத்துதான். சிலிண்டரை இவங்க வீடும்பாங்களாம். முன்வரிசையில மூணு வீடு, பின்வரிசையில மூணு வீடு. ஒவ்வொரு வீட்டுத் தலைமேலயும் ஒரு காயிலு. அதுதான் பொறி குடுக்குது, அது செத்தா அந்த வீடு இருட்டு. உங்களுக்கே சொல்றேன் பாருங்க.

அப்ப அவரு என் பொண்ணுகிட்ட சொன்ன கணக்கைக் கேளுங்க. ஒண்ணு போச்சுன்னா மத்ததும் வரிசையா போகுமாம், அதனால ஆறையும் மாத்திடலாமாம். முன்வரிசை மூணும் கைக்கு எட்டற இடம், பத்து நிமிஷ வேலை. பின்வரிசை மூணுக்கும் மேல பெரிய குழாய்க் கூட்டம் ஒண்ணு உக்காந்திருக்கு, அதைக் கழட்டி வச்சாத்தான் கை போகும், மூணு மணி நேரக் கூலியாம். குச்சிய உருவி குச்சிய சொருக மூணு மணி நேரம். எங்க ஆஸ்பத்திரில அந்த நேரத்துல இதயத்தையே திறந்து மூடி வார்டுக்கு அனுப்பிடுவாங்க, நானே லிஃப்ட்ல ஏத்திட்டுப் போயிருக்கேன்.

நான் சுவத்தைப் பாத்துச் சொல்லிட்டேன், 'செத்தது ஒண்ணு, ஒண்ணை மட்டும் எடுத்தாப் போதும்'னு.

அப்பதான் அவரு ஒரு காரியம் பண்ணாரு. இதோ இந்தக் கண்ணாடி வழியா நான் கண்ணாலப் பாத்தேன். ஒண்ணாம் வீட்டுக் காயில உருவி மூணாம் வீட்டுல வச்சாரு. மூணாம் வீட்டுல நல்லா வேலை செஞ்சிட்டு இருந்ததை உருவி ஒண்ணாம் வீட்டுல வச்சாரு. திரும்ப மெஷினை மாட்டினாரு. இப்ப மூணாம் வீடு வேலை செய்யலங்குது மெஷினு. உடனே முகமெல்லாம் சிரிப்பு. ஒரு சீட்டுல எழுதி ஸ்டியரிங்ல ஒட்டினாரு: 'மூணாம் வீட்டுக் காயில் மாத்தணும். நாளை வரும்.'

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. நோயாளிய எடுத்து நல்லா இருக்கறவன் படுக்கையில போட்டுட்டு, அந்தப் படுக்கைக்கு நோய்னு சீட்டு எழுதினா? கேட்டிருக்கலாம்தான். 'எதுக்கு மாப்ளை மாத்தி வச்சீங்க'ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. ஆனா பேசறதில்லையே.

வண்டிய வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிட்டேன். வெளிய விட மாட்டேன், என் வண்டி என் வாசல்லதான் நிக்கணும். மறுநாள் காலையில அவரு எங்க வீட்டுக்கே வந்து புதுக் காயில மூணாம் வீட்டுல மாட்டினாரு. வண்டிய எழுப்பினா அதே நடுக்கம். மெஷின் என்ன சொல்லுது? ஒண்ணாம் வீடு. மறுபடியும் ஒண்ணாம் வீடு. அவரு மூஞ்சியப் பாக்கணுமே நீங்க.

...என்ன கேட்டீங்க? நடுவுல வண்டிய யாராவது தொட்டாங்களான்னா? யாரு தொடப் போறா. எங்க தெருவுல நாய் கூட அந்த வண்டிகிட்டப் போகாது. பிஸ்கட் எடுத்துக்கோங்க. பேரனுக்கு வாங்கினது. அவனுக்குப் பல்லு வலி, அதான் என் பொண்ணு பல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருக்கா. இல்லைன்னா அவ இருந்து உங்களுக்கு ஒழுங்காச் சொல்லியிருப்பா. எங்க குடும்பத்துல அவளுக்கு மட்டும்தான் சுருக்கமாப் பேச வரும்.

எங்க விட்டேன். ஆங், ஒண்ணாம் வீடு. மாப்ளை அன்னிக்கு மறுபடியும் அதே வேலையப் பண்ணாரு. இந்தத் தடவை ஒண்ணாம் வீட்டுதை ரெண்டாம் வீட்டுக்கு. ரெண்டாம் வீட்டுதை ஒண்ணாம் வீட்டுக்கு. கோளாறு ரெண்டாம் வீட்டுக்குப் போச்சு. மறுபடியும் சீட்டு: 'ரெண்டாம் வீட்டுக் காயில்.' மறுநாள் ரெண்டாவது புதுக் காயில் வந்துச்சு, ரெண்டாம் வீட்டுல மாட்டினாரு. வண்டிய எழுப்பினா... நீங்களே சொல்லிட்டீங்க. ஒண்ணாம் வீடுதான்.

ரெண்டு தையல் மெஷின் போச்சு தம்பி.

அங்கேர்ந்து அவருக்கு ஒரு வெறி வந்துடுச்சு. ஒண்ணாம் வீட்டுல எந்தக் காயில வச்சாலும் அங்கதான் கோளாறு வருது, அப்ப தப்பு காயில்ல இல்ல, அந்த வீட்டுக்கு வர்ற வயர்ல இருக்கணும், இல்ல வண்டியோட கம்ப்யூட்டர்ல இருக்கணும்னு ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. நியாயம்தானே? கேக்க நல்லாத்தானே இருக்கு? பிளக்கை மாத்தினாரு. பெட்ரோல் தெளிக்கிறதை மாத்தினாரு. மூணு நாள் சரியா சாப்பிடலையாம். சாப்பிட உக்காந்தா தட்டு ஓரத்துல ஆறு கட்டம் போட்டு விரலால நகர்த்திட்டு இருக்காராம், என் பொண்ணு சொன்னா. அப்புறம் ஒருநாள் அவகிட்ட, 'இந்த வண்டிக்கு உங்கப்பாகிட்ட ஒத்தக் காசு வாங்க மாட்டேன், கோளாறு கண்டுபிடிக்கத் தெரியாதவன் காசு வாங்கக் கூடாது'ன்னுட்டாரு. அவரே காசு போட்டு உங்களை வரச் சொல்லியிருக்காரு. அவரே போட்டு இப்ப அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிய வாங்கப் போயிருக்காரு.

அந்தப் பெட்டி விலை தெரியுமா உங்களுக்கு? தெரியும். உங்க முகத்துலயே தெரியுது.

முதல்ல கேட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு. போடட்டும், இரும்புக் கடைன்னு சொன்ன வாய்க்கு இது வேணும்னு சிரிச்சுக்கிட்டேன். அப்புறம்தான் அது எந்தக் காசுன்னு தெரிஞ்சுது. அந்த மூலையப் பாருங்க, தரையில வெள்ளைக் கோடு போட்டு வச்சிருக்காரு பாருங்க, நாலு கால் வைக்க. வண்டிய அப்படியே மேல தூக்குற மேடை அங்க வரணும். அதுக்கும் லிஃப்ட்னுதான் பேரு. மூணு வருஷமா சேத்த காசு. இப்பல்லாம் அட்டையப் போட்டுத் தரையில படுத்துதான் வண்டிக்கு அடியில போறாரு. இடுப்பு போயிடுச்சு. சாயங்காலமானா நிமிர முடியாம சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் எந்திரிக்கிறாரு, நான் பாக்காத மாதிரி இருப்பேன். டாக்டரே சொல்லிட்டாரு, குனியாதீங்க, படுக்காதீங்க, மேடை போடுங்கன்னு. அந்த மேடைதான் இப்ப பெட்டியாகப் போகுது. பன்னிரண்டு மணிக்குக் கடைக்காரன் நம்ம வண்டி நம்பரை அதுல ஏத்துவானாம். ஏத்திட்டா திருப்பி எடுக்க மாட்டானாம், குடுத்தது குடுத்ததுதான்.

மணி என்ன? பதினொண்ணே முக்காலா? இப்பதானே பதினொண்ணு பத்துன்னு சொன்னீங்க?

...திரும்பத் திரும்ப அதையே கேக்குறீங்க. யாரு தொட்டா, யாரு தொட்டான்னு. நீங்க வயரிங் பாக்கறவரா, போலீஸ்காரரா?

சரி. கதவைச் சாத்துங்க. சத்தமா இருக்கு வெளிய.

நான்தான் தொட்டேன்.

தொட்டேன்னா... அப்படி ஒண்ணும் பெருசா இல்ல. இருந்ததை இருந்த இடத்துல வச்சேன். அவ்வளவுதான். மொத நாள் வண்டிய வீட்டுக்குக் கொண்டு போனேனா, சாப்பிட்டேன், படுத்தேன், மனசு கேக்கல. அவனவன் வீட்டுப் பொருளு அவனவன் வீட்டுல இருக்க வேணாமா? ஏழாம் மாடி பட்டனைப் பிடுங்கி மூணாம் மாடியில வச்சா ஆபரேஷனுக்குப் போறவன் சமையக்கட்டுல போய் இறங்குவான். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். வீட்டுக்காரி தையல் மெஷின் டப்பாவுலேர்ந்து சின்ன ஸ்பேனரை எடுத்தேன். ஒரு கிளிப்பு, ஒரு நட்டு, அதான் அவரு பண்றதைப் பாத்தேனே. மூணாம் வீட்டுல இருந்ததை ஒண்ணுல வச்சேன், ஒண்ணுல இருந்ததை மூணுல வச்சேன். கைய கழுவிட்டுத் தூங்கினேன். நல்ல தூக்கம்.

மறுநாளும் அதேதான். அவரு ரெண்டுக்கு மாத்தினாரு, நான் சாயங்காலம் ஒண்ணுக்கே திரும்பக் கொண்டாந்துட்டேன். சாமான் கலையாம இருக்கணும்னு ஒரு நல்ல எண்ணம்தான்.

சிரிக்காதீங்க தம்பி. டீ சட்டையில சிந்துது.

அது டெஸ்ட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இன்னிக்குக் காலையில போன்ல யாருக்கோ சொல்லிட்டு இருந்தாரு. 'சந்தேகமா இருக்கற காயில வேற வீட்டுக்கு மாத்திப் பாக்கணும், கோளாறும் கூடவே போச்சுன்னா அந்தக் காயில்தான் கெட்டது, அதை எடுத்துடணும்'னு. இதே நாற்காலில உக்காந்து கேட்டேன். கேக்கக் கேக்க நானும் விரல் விட்டு வீட்டை எண்ணிப் பாத்தேன். அப்ப கெட்டது எங்க இருக்கு? ஒண்ணாம் வீட்டுல. நான்தான் ரெண்டு தடவையும் கையப் பிடிச்சு அதைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். அவரு புதுசை மாட்டறதுக்காகக் கழட்டின ரெண்டும் நல்ல காயிலு. ஒரு கோளாறும் இல்லாத காயிலு. தூக்கிப் போட நான் விடல, பின்சீட்டுக்கு அடியில துணி சுத்தி வச்சிருக்கேன். அதுல ஒண்ணை எடுத்து ஒண்ணாம் வீட்டுல சொருகினா முடிஞ்சுது கதை. பெட்டி வேணாம், வயர் வேணாம், நீங்களே வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க, வந்த கூலிய நான் குடுத்துடறேன்.

காலையிலயே சொல்லியிருக்கலாம். அவரு பைக் சாவி எடுக்கறப்போ வாய் வரைக்கும் வந்துச்சு. பதினோரு வருஷம் மூடி வச்ச வாய் தம்பி, துருப் பிடிச்சிருக்கு. அதுவும் மொத வார்த்தையே 'நான்தான் தப்புப் பண்ணேன்'னா எப்படி வரும்? பொண்ணு இருந்தா அவகிட்டச் சொல்லியிருப்பேன். நாலு தடவை அடிச்சிட்டேன், போனை அணைச்சு வச்சிருக்கா, பல் டாக்டர் அப்படித்தானாம்.

நான் ஒண்ணு சொல்லட்டா? நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிடுங்களேன். உங்களுக்கும் பேரு, எனக்கும்... ஏன்? அதுல என்ன பொய்? நான் சொல்லி நீங்க தெரிஞ்சுகிட்டீங்க, அதுவும் கண்டுபிடிச்சதுதானே.

...சரி. வேணாம்னா விடுங்க. எதுக்குப் போனை என் பக்கம் நீட்டுறீங்க? யாருக்கு அடிச்சிருக்கீங்க? அடக் கடவுளே, ரிங் போகுதே.

ஹலோ. ஆங். நான்தான்.

எந்த நானா? நான்தாங்க. இது வயரிங்காரர் நம்பரு. ...இல்லீங்க, அவரு குரல் மாறிப் போகல, அவரு இங்க நல்லா பிஸ்கட் தின்னுட்டு இருக்காரு. நான் மாமா பேசறேன்.

மாமா. உங்க மாமனாரு.

...இல்ல, இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் உயிரோட நல்லா இருக்காங்க. அழாதீங்க. வண்டி விஷயமாத்தான். பெட்டிக்கு நம்பர் ஏத்திட்டானா? இன்னும் இல்லையா? அவன் கையப் பிடிங்க. வேணாம்னு சொல்லுங்க. எதுக்குன்னா... அந்தக் காயிலு... நீங்க மாத்தி மாத்தி வச்சீங்கல்ல, அதை நான் வீட்டுல... திரும்ப எடுத்து... ஆமா. பழையபடி. ரெண்டு தடவை. ஆமா, ரெண்டு தடவையும்.

எதுக்குப் பண்ணேனா?

அதான் சொல்றேனே, நல்ல எண்ணத்துலதான். ...என்னது? கேட்டிருக்கலாமேவா? நீங்களும் சொல்லியிருக்கலாமே மாப்ளை. ஜன்னலைப் பாத்தாவது சொல்லியிருக்கலாமே. ...சிரிக்கிறீங்களா என்ன? பக்கத்துல யாரு சிரிக்கறது, கடைக்காரனா? அவன்கிட்டயும் சொல்லிட்டீங்களா? சரி சிரிக்கட்டும். அந்த ரெண்டு காயிலுக்கும் நான் குடுத்துடறேன், பிளக்குக்கும் குடுத்துடறேன். நீங்க அந்த மேடைய ஆர்டர் பண்ணுங்க. அங்கேயே, இன்னிக்கே.

வயரிங்காரரா? இங்கதானே... எழுந்து போயிட்டாரு. சொல்லாமக் கொள்ளாம. அதோ, பின்சீட்டுக் கதவைத் திறக்கறாரு. கையில ஸ்பேனரு. ...இருங்க, அந்தக் காயில ஒண்ணாம் வீட்டுல சொருகிட்டாரு, வண்டிய எழுப்பறாரு. கேக்குதா? இருங்க, போனை ஜன்னல்கிட்டக் காட்டறேன். கேட்டுச்சா? ஒரு நடுக்கம் இல்ல, புகுந்த வீட்டுப் பொண்ணு மாதிரி அமைதியா நிக்குது.

சரி, வச்சிடட்டா? ...இல்ல, வைக்காதீங்க. ஒரு நிமிஷம். கடைய விட்டு வெளிய வந்து நிழலா நில்லுங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டியது நிறைய சேந்து கிடக்கு. உங்க வீட்டுச் சமையக்கட்டுக் குழாய் அஞ்சு வருஷமா சொட்டுது, கவனிச்சீங்களா? ஊரு வண்டியெல்லாம் பாக்கறவர் வீட்டுல குழாய் சொட்டலாமா? சொட்டுச் சத்தத்துல எனக்குச் சாப்பாடே இறங்கறதில்ல. ஒரு வாஷர்தான் போயிருக்கும். ஞாயித்துக்கிழமை நான் வர்றேன், நான் ஒரு பக்கம்...

என்ன சொன்னீங்க?

...சரி. தொட மாட்டேன். நீங்களே மாத்துங்க, நான் சும்மா டார்ச் அடிக்கறேன்.